பத்து நிமிடம் ஒரு விநாடி

கடந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை, எங்கள் வீடியோ ஒளிப்பதிவாளர் சங்கம் தன் வரலாற்றிலேயே மிக முக்கியமான முடிவு ஒன்றை எடுத்தது. சங்க அறையின் சுவர்க்கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் நகர்த்தி வைப்பது என்பதே அது. உறுப்பினர்கள் தாமதமாக வருவதைத் தடுக்க வேறு வழியில்லை என்றது தீர்மானம். நால்வர் ஆதரித்தும் இருவர் எதிர்த்தும் பேசினார்கள். கடிகாரமே பொய் சொல்லத் தொடங்கினால் சங்கம் எங்கே போய் நிற்கும் என்று கேட்டு ஒருவர் வெளிநடப்புச் செய்தார். வெளியே மழை என்பதால் திரும்பி வந்தார். செயலாளர் என்ற முறையில் நான் நாற்காலிமேல் ஏறி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ராசையாவின் ஸ்டுடியோவுக்குக் கீழே டீக்கடை வைத்திருப்பவர் பேசினார். "வீடியோக்காரரு போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு. போட்டு வச்ச டீ அப்படியே கெடக்கு" என்றார்.

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னேன். இரங்கல் தெரிவித்து இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். செய்தி வந்த நேரத்தைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். பழைய நேரத்தை எழுதுவதா, புதிய நேரத்தை எழுதுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ராசையாவை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பிறகு ஒருநாள் முதல் கூப்பிடாமல் விட்டீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது பாதிதான். அந்தப் பாதியும் பொய். மீதியைச் சொல்ல எனக்கு இப்போது அனுமதி கிடைத்திருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். ராசையா பிறந்தது கொடைக்கானலில்தான். ஆனாலும் பேச்சில் தோட்டம் மிச்சமிருந்தது. யாரையும் கேட்காமல் மேலேயிருந்து முடிவெடுக்கும் எதுவும் அவருக்குத் 'தொரை'. பனிமூட்டம் தொரை. கரண்டு தொரை. பின்னாளில் என் கணினியில் வந்து உட்கார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்.

கல்யாண வீடியோவுக்குச் சினிமாப் பாட்டுப் போடுவதில் அவருக்கு விருப்பமில்லை. "அவங்கவங்க கல்யாணத்துக்கு அவங்கவங்க மேளம்" என்பார். அன்று வாசித்த நாதசுரத்தையும் தவிலையுமே பதிவு செய்து, படத்தின் நீளத்துக்கு ஏற்பக் கையால் வெட்டி ஒட்டுவார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, வாசிப்பவர் மூச்சு விடும் இடத்தைத் தேடுவார். அந்த இடத்தில் மட்டும்தான் வெட்டுவார். ஒருமுறை படம் முடிந்தும் ராகம் முடியவில்லை. ராகத்தை வெட்ட மனமில்லாமல், மண்டபத்தில் காலியாகக் கிடந்த நாற்காலி ஒன்றை நாற்பது விநாடி காட்டினார். கல்யாண வீட்டார் அதைப் பார்த்துக் குழம்பினார்கள். நாற்காலியை வாடகைக்கு விட்டவர் மட்டும் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். பண்ணைக்காட்டில் ஒரு கல்யாணம்; அவருக்கு இரண்டாவது கேமரா நான். தாலி கட்டும் நேரத்தில் தவில்காரர்கள் அடித்த அடியில் என் மைக்கில் எல்லாமே இரைச்சலாகப் பதிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லையே என்று குறைப்பட்டேன். "கெட்டிமேளம் கேக்குறதுக்கு இல்ல செயலாளரே, கேக்காம இருக்குறதுக்கு" என்றார். அந்த நேரத்தில் யாராவது தும்முவார்கள், யாராவது அழுவார்கள், எவர் வாயிலிருந்தாவது ஆகாத சொல் ஒன்று வரும். அவற்றில் எதுவும் எவர் காதிலும் விழக்கூடாது என்பதற்காகவே அந்த அடி. நல்ல ஏற்பாடுதான் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு மறந்தும்விட்டேன்.

இனி அந்தக் கல்யாணம். பெண்ணுக்குக் கன்னிவாடி. இங்கே கௌசல்யா என்று பெயர் மாற்றி எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குக் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் பூண்டு விளையும் ஓர் ஊர். இப்படிச் சொன்னால் எந்த ஊரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அவருடைய பெரியப்பா வீரணன் சொல்வதுதான் அந்த வீட்டில் நடக்கும். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் மாப்பிள்ளை வீட்டில் கறிவிருந்து. ஊரே கூடும் அந்த இடத்தில் கல்யாணப் படத்தைத் திரையிட வேண்டும் என்றார் வீரணன். எவ்வளவு நீளம் என்று ராசையா கேட்டார். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு, வீரணன் சற்று யோசித்தார்.

"ரவுண்டா வேணாம். மொய் எழுதுறப்ப ஒண்ணு சேத்துத்தானங்க எழுதுவோம்? பத்து நிமிசம் ஒரு செகண்டுன்னு வச்சிக்கங்க. விருத்தியாகும்."

கையால் செய்தால் அதற்கு நான்கு நாள் ஆகும். பஞ்சாங்கம் பார்த்து விருந்தை முன்னே நகர்த்திவிட்டதாக வீரணன் தகவல் அனுப்பியபோது எங்களுக்கு மிஞ்சியது ஒரு காலைப்பொழுது. படத்தைப் பத்து நிமிடம் ஒரு விநாடிக்கு ராசையா வெட்டி முடித்திருந்தார். மூன்று மணி நேர மேளம் வெட்டாமல் அப்படியே கிடந்தது. அப்போதுதான் நான் தொழில்நுட்பத்தின் பக்கம் நின்று பேசினேன். அந்தக் கருவியிடம் இசையைக் கொடுத்து நீளத்தை எழுதினால் போதும். பேச்சு, சிரிப்பு போன்ற மனிதச் சத்தங்களைப் பிரித்துப் படத்தோடு விட்டுவிட்டு, இசையை மட்டும் எடுத்து, வெட்டிய இடமும் ஒட்டிய இடமும் தெரியாமல் அளவாகத் தைத்துத் தரும். ராசையா என் கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, தொரைகிட்டயே குடுங்க" என்றார்.

தொரை அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. திரையின் மூலையில் பத்து நிமிடம் ஒரு விநாடி என்று காட்டியது. ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் அதை இருமுறை வாய்விட்டுப் படித்தேன். தொடக்கத்தில் அரை நிமிடம் கேட்டோம், நன்றாக இருந்தது. முடிவில் சில விநாடி கேட்டோம், பலே என்று இருந்தது. அந்த ஊருக்கு விருந்துக்கு முன்னால் போய்ச் சேரும் ஒரே பேருந்து பதினொன்று பத்துக்கு. மணி பதினொன்று ஐந்து. பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். நாங்கள் நீளத்தைத்தான் சரிபார்த்தோம். நடுவில் இருந்த ஒன்பது நிமிடத்தை இருவருமே பார்க்கவில்லை.

பேருந்து பூம்பாறையைத் தாண்டும் வரை ராசையா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தொடையில் விரல் தாளம் போட்டபடி இருந்தது. திடீரென்று விரல் நின்றது.

"செயலாளரே, கெட்டிமேளம் எங்க விழுந்திருக்குன்னு பாத்தீங்களா?"

அது கருவிக்குத் தெரியும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அதன் பிறகு விரல் அசையவில்லை.

பூண்டு காயவைக்கும் கொட்டகையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். தலைக்கு மேலே பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின. பின்னால் கறி வெந்துகொண்டிருந்தது. படம் முடிந்த பிறகுதான் சாப்பாடு என்பதால் எல்லோரும் மிகுந்த கலை ஆர்வத்துடன் உட்கார்ந்திருந்தார்கள். கௌசல்யா மாமியாருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தாள். கன்னிவாடியிலிருந்து வந்திருந்த அவள் அப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

முதல் நான்கு நிமிடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் வரவேண்டிய அந்த இடத்தில் நாதசுரம் மட்டும் மெல்ல, தாலாட்டுவதுபோல இழைந்தது. அப்போது ஒரு தும்மல் கேட்டது. தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள, முழுமையான தும்மல். முதல் முடிச்சு அதற்குள்தான் விழுந்தது.

அது என்னுடையது. ஓமப்புகை எனக்கு ஆகாது. இரண்டாவது கேமராவோடு மணவறைக்கு அருகில் நான்தான் நின்றேன். மேளத்துக்குள் முங்கிக் கிடந்த தும்மலைத் தொரை பத்திரமாகப் பிரித்தெடுத்து, தூசி தட்டி, ஊருக்கு முன் வைத்துவிட்டது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில், பந்தியில் இலைக்கு ரசம் ஊற்றும் காட்சியில், கெட்டிமேளம் இடி மாதிரி விழுந்தது. பெரிய சத்தத்துக்கு உரிய இடம் முடிவுதான் என்று தொரைக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் பேசியது மாப்பிள்ளையின் அம்மா. காட்டெருமை கேரட் காட்டுக்குள் இறங்கியது கல்யாணத்துக்கு அடுத்த வாரம் என்றார். இன்னொருவர் மோட்டார் எரிந்த நாளைச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்ததும் இந்த மாதம்தான் என்று மூன்றாமவர் நினைவூட்டினார். ஒரு மாதமாகக் காரணம் தெரியாமல் அலைந்த துன்பங்களுக்கெல்லாம் ஐந்து நிமிடத்தில் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் மாமியாருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தது.

வீரணன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கௌசல்யாவின் அப்பாவிடம் மரியாதையாகவே சொன்னார். "பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க சம்மந்தி. சாமிகிட்ட பூக் கேட்டுட்டுச் சொல்லி அனுப்புறோம்."

"எப்பங்க?"

"சாமி உத்தரவு குடுக்குறப்ப."

அந்த மலையில் இதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படிப் பிறந்த வீட்டுக்குப் போன ஒருத்தியைப் பற்றி நாங்கள் வந்த பேருந்திலேயே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். நான்கு வருடமாகச் சாமி அந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லையாம். திரும்பிப் போகும் பேருந்து நாலரைக்கு. மணி மூன்றாகப் போகிறது. கௌசல்யா உள்ளே போனாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவளோ பையை அவளே தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள்.

"நானா மாமா தும்முனேன்?" என்று வீரணனைக் கேட்டாள்.

அவள் அப்பா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் எழப்போனேன். தும்மியவன் நான் என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று எனக்குப் பட்டது. ராசையாவின் கை என் முழங்காலை அழுத்தியது. தாலி கட்டும்போது நான் தும்மினேன் என்றால், தாலி கட்டும்போது தும்மல் இருந்தது என்று ஆகிவிடும். இதை நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"தும்முனது நான்தாங்க" என்றார்.

வீரணன் திரும்பினார். "ஏலே ராசையா, தாலி கட்டுறப்ப நீ பந்தி வாசல்ல கேமராவோட நின்ன. நான் பாத்தேன். நீ தும்முனது எப்படிடா மணவறையில வந்து விழும்?"

"அன்னைக்கு இல்லங்க. இன்னைக்கு, ஸ்டுடியோவுல. மைக்கு போட்டபடி கெடந்துச்சு. கம்ப்யூட்டரு மேளத்த அளவுக்குத் தச்சுச்சுங்க. பத்து நிமிசத்துக்குச் சரியா வந்துச்சு. நீங்க மேல ஒரு செகண்டு கேட்டிருந்தீங்க. அந்த ஒரு செகண்டுக்கு அதுகிட்ட மேளம் இல்ல. கையில கெடச்ச சத்தத்த எடுத்து வச்சிருச்சு."

எனக்குத் தெரிந்து அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை. ஒரு சொல்கூட உண்மையில்லை என்பதைத் தவிர வேறு குறையும் இல்லை. வீரணன் தாடையைத் தடவினார். அந்த ஒரு விநாடியைக் கேட்டு வாங்கியவர் யார் என்பது அவருக்குத் தெரியும், சுற்றியிருந்தவர்களுக்கும் தெரியும். ஆனாலும் எளிதில் விடக்கூடியவர் அல்ல.

"அப்ப ஒரு தரம் தும்மு. அதே சத்தமான்னு பாப்போம்."

ஒரு மூதாட்டி மூக்குப்பொடி டப்பாவை நீட்டினார். மூடி திறந்ததுமே என் மூக்கு விழித்துக்கொண்டது. எனக்கு மூன்று முழத் தூரத்தில் மூக்குப்பொடி. திரையில் கேட்ட அதே தும்மல் என் மூக்கில் தயாராக இருக்கிறது. மூச்சைப் பிடித்தேன். கண்ணில் நீர் வந்தது. ராசையா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "செயலாளரே, வெளிய ஒயரு மழையில நனையுது. வெரசாப் போயிப் பாருங்க."

மழை இல்லை. நான் ஓடினேன். கொட்டகையின் பின்பக்கம் திரும்பிய உடனே முதல் தும்மல் வந்துவிட்டது. தொடக்கம், நடு, முடிவு எல்லாவற்றோடும்.

நிமிர்ந்தால், கற்சுவரை ஒட்டிக் கௌசல்யாவின் அப்பா நிற்கிறார், காலடியில் மகளின் பை. அவர் என்னையே பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்து அதே தும்மலைக் கேட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. எனக்கு அடுத்தது முட்டிக்கொண்டு வந்தது. அவர் தோளிலிருந்த துண்டை உருவி என் முகத்தில் வைத்து அழுத்தினார்.

"நல்லாப் பொத்துங்க தம்பி. சத்தம் உள்ள போகுது."

ஆறு தும்மல்களை அந்தத் துண்டுக்குள் புதைத்தேன். அதற்கிடையில் உள்ளே ராசையா தும்மியது கேட்டது. சின்னத் தும்மல், பூனை தும்முவது மாதிரி. இது வேறு மாதிரியல்லவா இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு சிட்டிகை போடச் சொன்னார் வீரணன். இரண்டாவதும் பூனைதான். எனக்குப் பக்கத்தில் நின்றவர் குனிந்து பையின் காதைப் பிடித்தார்.

அப்போது அதுவரை கேட்காத ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளையுடையது.

"இதே தும்மல்தான் பெரியப்பா. தாலி கட்டுனவன் நான். அன்னைக்குப் பக்கத்துல யாரும் தும்மல. தும்மியிருந்தா எனக்குல்ல தெரியும்."

கல்யாணத்தன்று என் தும்மல் தெறித்த புதுச்சட்டையின் தோளை, தாலியைக் கட்டி முடித்துவிட்டு அவர் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வீரணன் தீர்ப்புச் சொன்னார். பெண் மேல் குற்றமில்லை, கேமராக்காரன் மேல்தான் குற்றம். நல்ல காரியத்தில் தும்மலைக் கொண்டுவந்து சேர்த்தவனை இனி எந்த நல்ல காரியத்துக்கும் மேல்மலையில் யாரும் கூப்பிட வேண்டாம். மாப்பிள்ளை வெளியே வந்து மாமனாரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எங்களுக்கும் இலை போட்டார்கள். ராசையா இரண்டாம் முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

நாலரைப் பேருந்தில் ஏறினோம். அந்தத் துண்டு இன்னும் என் கையில் இருந்தது. உண்மையைச் சங்கத்திலாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீங்க சொன்னா அந்தப் புள்ள மறுபடி பையத் தூக்கணும். பேசாம வாங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்: "நீளம் சரியாத்தான் இருந்துச்சு செயலாளரே. எடம்தான் தப்பாப் போச்சு."

அடுத்த நான்கு நாளில் அந்தப் படத்துக்குக் கையால் மேளம் சேர்த்து, கெட்டிமேளத்தை அதன் இடத்தில் வைத்து, பத்து நிமிடம் ஒரு விநாடிக்கே முடித்து, பேருந்தில் கொடுத்தனுப்பினார். வந்து சேர்ந்ததா என்று யாரும் தகவல் சொல்லவில்லை. ஆனால் மேல்மலைத் தீர்ப்பு கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்திருந்தது. 'தும்மல் ராசையா' என்ற பெயர் உங்களுக்கே தெரியும். கல்யாணம், சீர், புதுமனை என்று ஒவ்வொன்றாக நின்றது. சங்கம் அவருக்கு அனுதாபம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. நல்ல தமிழில் அதை எழுதியவன் நான். யாருடைய தும்மல் என்பது அதில் இல்லை.

அதற்குப் பிறகு அவர் இறப்பு வீடுகளுக்குத்தான் போனார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நேரலையில் காட்டும் வேலை. யார் தும்மினாலும் குற்றமில்லாத இடம். அங்கேயும் முன்கூட்டியே போய், பாடை எடுக்கும்போது பறை எங்கே நிற்கும், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து வைப்பார். எதற்கு இவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். "இதுக்கு ரெண்டாந்தரம் கெடையாதுல்ல" என்றார்.

அவருடைய இறப்பு வீட்டுக்குக் கௌசல்யா கணவரோடும் கைக்குழந்தையோடும் மேலேயிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தாள். தலைமாட்டில் வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, அப்பா துண்டைக் கேட்கச் சொன்னார் என்றாள். தும்மியது நான் என்று அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அன்று சாயங்காலமே தெரியும் என்றாள். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. இப்ப வீட்டுச் சாவி எங்கிட்டதான் கெடக்கு. இனிமே எம் பையத் தூக்கச் சொல்ல அங்க ஆளு இல்ல. அவரு பேரை மட்டும் மாத்திராதீங்க."

மாற்றவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கையால் மேளம் சேர்த்த அந்தப் படத்தின் ஒரு பிரதி. அதில் தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை; நான் எத்தனையோ முறை காதை வைத்துக் கேட்டுவிட்டேன். இன்னொன்று ஒரு பழக்கம். தொரை தைத்துக் கொடுக்கும் எதையும் இப்போது நடுவிலிருந்து பார்க்கத் தொடங்குகிறேன். துண்டைத் துவைத்துக் கன்னிவாடிக்கு அனுப்பிவிட்டேன்.

கௌசல்யாவின் மகளுக்கு வருகிற மாதம் பழனியில் காதுகுத்து. வீடியோ எடுக்க என்னைக் கூப்பிடவில்லை; ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆள் சொல்லியிருக்கிறார்கள்.